பிரிக்ஸ் பதினான்கு

காவேரிப்பட்டணம் சாலையில்
இந்த மாம்பழக்கூழ் ஆலையில்
நான் தரம் பார்ப்பவள்.
இன்னும்தான்.
வேலையை விட்டு நிறுத்த ஆள் இல்லை.

முதல் நாள் எண்ணியபோது
முந்நூற்றுப் பதினொரு பீப்பாய்.
ஒவ்வொன்றிலும் இருநூற்றுப் பதினைந்து கிலோ பெங்களூரா.
கப்பலேற வேண்டியவை
முகவரிச் சீட்டோடு நிற்கின்றன.
ஒன்றைத் திறந்தால் மூன்று நாள்.
நாலாம் நாள் நுரைக்கும்,
குமிழ் குமிழாக ஏதோ சொல்ல வரும்.
கொட்டிவிடுவேன்.
காது கொடுத்தால்
பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்
(யாரிடம் சொல்கிறேன்).
இரவு ஷிப்ட் முடிந்து
குளிர்கிடங்கின் கதவைத் தள்ளி வெளியே வந்தேன்.
வாட்ச்மேன் திம்மராயனின் நாற்காலியருகே
டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

டோல்கேட்டில் லாரிகள்
வரிசை கலையாமல் நிற்கின்றன.
எப்போதோ ஒரு காற்றில்
தடுப்புக் கட்டை மேலே போய் அப்படியே நின்றுவிட்டது.
வழி திறந்திருக்கிறது.
யாருக்கும் அவசரமில்லை.

ஆனியில் பின்தோப்பில் பழம் விழும்.
இருட்டில், தொப் என்று,
யாரோ சுவர் ஏறிக் குதித்தது போல.
முதல் வருஷம்
ஒவ்வொரு தொப்புக்கும் எழுந்து ஓடினேன்.
இரண்டாம் வருஷம் படுத்தபடி எண்ணினேன்.
இந்த வருஷம் தூங்குகிறேன்.

இனிப்பு
ஒரு கட்டத்துக்கு மேல் சுவை இல்லை,
வானிலை.
அதற்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.
உப்புக்காக
முழங்கையை நக்கியிருக்கிறேன்.
ஊருக்குள் போனால் உப்பு கிடைக்கும்,
ரவுண்டானா வரை இரண்டு முறை போனேன்.
ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன.
குனிந்துதான் நுழைய வேண்டும்.
குனிய முடியவில்லை.

ஒரு நாள் அழுகை வந்தபோது
ஒரு சொட்டை
பிரிக்ஸ் மீட்டர் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றரை.
கூழுக்குப் பதினான்காவது வேண்டும்.
ஏற்றுமதிக்கு லாயக்கில்லை என்று
குறித்து வைத்தேன்.

வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பெயர்.
கெம்பம்மா, நவாஸ், முனிரத்தினம், சாலம்மாள்…
தினமும் சத்தமாகக் கூப்பிட்டு
விடுப்பு, விடுப்பு, விடுப்பு.
என் பெயரை மட்டும் மெதுவாகப் படிப்பேன்.
நாகரத்னா.
யாரோ சொன்னது போலக் கேட்கும்.
உள்ளேன் என்பேன்.

நேற்றுக் காலை
ஏழாம் வரிசைக் கோடியில் ஒரு பீப்பாய்.
நான் திறக்காதது.
மேல் தகடு கத்தியால் அறுபட்டிருந்தது.
மலைக் குரங்கு, என்றேன்.
பிறகுதான் பார்த்தேன்,
உள்ளே பையின் மூடி
திரும்பத் திருகி வைக்கப்பட்டிருந்தது.
இறுக்கமாக.

குரங்கு மூடியைத் திருகி வைக்காது.

பக்கத்தில், காலண்டர் தாளில் மடித்து
ஒரு பிடி கல்லுப்பு.
விலை.

கை கால் எல்லாம் நடுங்கியது.
சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.
கதவைத் தாழிட்டேன், பிறகு திறந்தேன்,
பிறகு தாழிட்டேன்.
தலை வாரினேன்.
தொட்டித் தண்ணீருக்கு முன்னால் நின்று
சொல்லிப் பார்த்தேன்:
யாரு.
கன்னடக்காரராய் இருந்தாலும் அதுவே போதும்.
தெலுங்குக்கு எவரு.
பழையபேட்டைக்காரருக்கு, கோன்.
எதைச் சொன்னாலும் விரட்டுவது போலவே வந்தது.

நாற்பத்து மூன்றாம் வரியில்
பெயருக்கு இடம் விட்டு
வருகை என்று மட்டும் போட்டேன்.

உப்பை இன்னும் நாக்கில் வைக்கவில்லை.
கரைந்துவிட்டால்
சாட்சி இல்லை.

இரவு தோப்பில்
தொப்.

எழுந்து உட்கார்ந்தேன்.